இன்ஜின் நாக்கிங்கை அடக்கிய தாமஸ் மிட்ஜ்லி



நம் பேரவை மலரில் ஆண்டுதோறும் ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு இடம் பெறுவது வழக்கம். எடிசன் வந்தார், சர் சி.வி. ராமன் வந்தார், நம்ம கோவை ஜி.டி. நாயுடு வந்தார். எல்லோரும் படித்துப் பெருமைப்பட வேண்டியவர்கள்தான். இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டவர் கொஞ்சம் வேறு மாதிரி ஆள். பெயர் தாமஸ் மிட்ஜ்லி, அமெரிக்கர். நம்மைப் போலவே மெக்கானிக்கல் படித்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கியவர். வேதியியல் உலகின் பெரிய பெரிய மெடல்கள் அவர் கழுத்தில் விழுந்தன. ஆனால் இன்றைக்கு விவரம் தெரிந்தவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

ஏன் அப்படி? அவர் கண்டுபிடித்த ஒரு திரவத்தை 1923-இல் பெட்ரோலில் கலந்து விற்க ஆரம்பித்தார்கள். கார், பஸ், மோட்டார் சைக்கிளுக்கு அதை ஊற்றுவது உலகத்தில் கடைசியாக நின்றது 2021-இல். இடையில் 98 வருஷம்! அந்தத் திரவத்தில் இருந்தது ஈயம். அது எப்படி வந்தது, ஏன் போனது, போன பிறகு பழைய வண்டிகளின் இன்ஜின் கதி என்ன ஆனது என்பதெல்லாம் ஆட்டோமொபைல் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற துறை நண்பர்களும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

பிறப்பும் படிப்பும்

மிட்ஜ்லி 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் ஒரு கண்டுபிடிப்பாளர், டயர், சக்கரம் சம்பந்தமான தொழில் செய்தவர். ஆக, வீட்டிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் மாதிரிதான் சூழ்நிலை. எங்களைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர் அல்ல அவர். 1911-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் பெற்றார். வேதியியல் அவர் கல்லூரியில் பட்டம் வாங்கிய பாடம் இல்லை. பிற்காலத்தில் அமெரிக்க வேதியியல் கழகத்துக்கே தலைவரான அவர், அந்தப் பாடத்தை வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டார் என்பது நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

1916-இல் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். இந்தக் கெட்டரிங் யார் தெரியுமா? காருக்கு எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் கொண்டுவந்தவர். 1912 மாடல் காடிலாக் காரில் அது வந்த பிறகுதான் முன்னால் நின்று ஹேண்டில் சுற்றி ஸ்டார்ட் செய்யும் தொல்லை ஒழிந்தது. அந்த ஆராய்ச்சிக்கூடம் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. அங்கேதான் மிட்ஜ்லியின் கையில் ஒரு பிரச்சினை ஒப்படைக்கப்பட்டது. அதுதான் நாக்கிங்.

நாக்கிங் என்ற தலைவலி

மேட்டில் வண்டியை டாப் கியரிலேயே ஏற்றினால் இன்ஜினுக்குள் யாரோ சின்ன சுத்தியலால் தட்டுவது போல சத்தம் வரும். இன்ஜின் நாக் அடிக்குது என்பார்கள் மெக்கானிக்குகள். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் தீ போய்ச் சேருவதற்கு முன்பே, கடைசி மூலையில் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே குபீரென்று பற்றிக்கொள்ளும். அந்த அதிர்வுதான் நாக்கிங். தொடர்ந்து விட்டால் பிஸ்டன் தலையே ஓட்டையாகிவிடும்.

கம்ப்ரெஷன் ரேஷியோவைக் கூட்டினால் பவரும் மைலேஜும் கூடும் என்று அன்றைக்கே தெரியும். கூட்டவிடாமல் தடுத்தது இந்த நாக்கிங்தான். கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன்தான் இதற்குக் காரணம் என்று சிலர் பழி சொன்னார்கள். குற்றம் பெட்ரோலில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கும் வேலை மிட்ஜ்லிக்கு வந்தது.

அவர் தேடிய விதம் வேடிக்கையானது. பனிக்கு அடியிலேயே சீக்கிரமாகப் பூத்துவிடும் ஒரு செடி அந்த நாட்டில் உண்டு. அதன் இலை சிவப்பு. சிவப்பு நிறம் சூட்டை அதிகம் இழுப்பதால் அது முந்திப் பூக்கிறதோ, அப்படியானால் எரிபொருளையும் சிவப்பாக்கினால் சீக்கிரம் ஆவியாகி நாக்கிங் நிற்குமோ என்று யோசித்தார்கள். கையில் சிவப்புச் சாயம் இல்லை. அயோடின் இருந்தது, அதைக் கலந்தார். நாக்கிங் குறைந்தது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஆக, காரணம் நிறம் இல்லை, அயோடின்தான். யோசனை தவறு, விடை சரி. ஆனால் அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும்.

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் ஊற்றிப் பார்த்தார்கள். அனிலின், செலினியம், டெலூரியம் என்று பட்டியல் நீண்டது. இதில் டெலூரியம் சேர்மங்களின் நாற்றம் இருக்கிறதே, குளித்தாலும் போகாதாம். பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்களாம். மிட்ஜ்லியும் அவர் உதவியாளர்கள் பாய்டும் ஹோக்வால்ட்டும் விடவில்லை. தனிம அட்டவணையை எதிரே வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போனால் பலன் கூடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கினார்கள். அடியில் இருந்தது ஈயம்.

1921 டிசம்பர் 9. டெட்ரா எத்தில் லெட் என்ற திரவத்தைச் சிறிதளவு சேர்த்து சோதனை இன்ஜினை ஓட்டினார்கள். நாக்கிங் போன இடம் தெரியவில்லை. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 3 மில்லி போதும் என்று ஆனது. 5 வருஷ உழைப்பு பலித்தது. 1923 பிப்ரவரி 2-ஆம் தேதி டேட்டன் நகர பங்க் ஒன்றில் முதல் விற்பனை. அதே வருஷம் இண்டியானாபொலிஸ் 500 ரேஸில் முதல் 3 இடம் பிடித்த கார்களும் இந்தப் பெட்ரோலில்தான் ஓடின. ஊரே பேசாமல் இருக்குமா?

விடாமுயற்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா என்று கேட்டு, கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கதை இங்கேதான் ஆரம்பம்.

பெயரில் ஒளிந்த ஈயம்

ஈயம் விஷம் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி அல்ல. பெயிண்ட் தொழிலாளிகளும் அச்சுக்கூடத் தொழிலாளிகளும் ஈயத்தால் நோய்ப்பட்டது ஊரறிந்த விஷயம். டெட்ரா எத்தில் லெட் இன்னும் மோசம். அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், நேராக மூளையைத் தாக்கும். ஆனால் விற்பனைக்கு வந்தபோது அதற்கு வைத்த பெயர் எத்தில். ஈயம் என்ற வார்த்தை விளம்பரத்தில் தலைகாட்டவே இல்லை.

மிட்ஜ்லிக்கே தெரியாதா? தெரியும். 1923-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவருக்கே ஈய விஷம் ஏறிவிட்டது. வேலையை விட்டுவிட்டு, நல்ல காற்று வாங்க ஃபுளோரிடா போய் ஓய்வெடுத்தார்.

1924 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் கம்பெனியை ஆரம்பித்தன. கெட்டரிங் தலைவர், மிட்ஜ்லி துணைத் தலைவர். அந்த அக்டோபரிலேயே நியூஜெர்சியில் பேவே சுத்திகரிப்பு ஆலையில், இந்தத் திரவம் தயாரித்த பிரிவில் தொழிலாளிகள் புத்தி பேதலித்து விழுந்தார்கள். 5 பேர் இறந்தார்கள். 30-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். டேட்டனிலும் சாவு, டீப்வாட்டர் என்ற இடத்தில் இருந்த ஆலையிலும் சாவு. அந்த ஆலைக்குத் தொழிலாளிகளே பட்டாம்பூச்சி வீடு என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே வேலை செய்பவர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் கையால் விரட்டிக்கொண்டிருப்பார்களாம். படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

1924 அக்டோபர் 30-ஆம் தேதி மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் கண் முன்னாலேயே அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவினார். பாட்டிலை மூக்கருகே வைத்து ஒரு நிமிஷம் முகர்ந்து காட்டினார். ஒன்றும் ஆகாது என்று நிரூபிப்பதற்காக! அடுத்த ஆண்டு விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. 1925 மே மாதம் அரசு கூட்டிய மாநாட்டில், தொழிலாளர் நோய்களை ஆராய்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அம்மையார் பலமாக எதிர்த்தார். ஆனால் அரசுக் குழு சில மாதங்களே ஆய்வு செய்து, தடை செய்யக் காரணம் இல்லை, தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1926-இல் விற்பனை மீண்டும் ஆரம்பித்தது. தொடர்ந்து கவனிக்கும் வேலையோ பல வருஷங்களுக்கு அந்தத் தொழிலின் கையிலேயே போய்விட்டது.

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும். இதை மிட்ஜ்லியே சோதித்துப் பார்த்தவர்தான். ஆனால் அதற்கு நிறைய அளவு வேண்டும். தானியத்திலிருந்து யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், ஒரு கம்பெனி தனி உரிமை கொண்டாட முடியாது. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்ற இன்ஜினியர் சிலிண்டர் ஹெட்டின் வடிவத்தை மாற்றியே நாக்கிங்கைக் குறைத்துக் காட்டினார். 3 மில்லி ஈயத் திரவமோ கை மேல் பலன் தந்தது, நல்ல லாபமும் தந்தது. அந்த வழிதான் ஜெயித்தது.

எங்கப்பாவும் பெட்ரோலும்

இந்த இடத்தில் சொந்த விஷயம் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கப்பா கார் மெக்கானிக். 12 வயசில் ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அது 1990. தாத்தா பாட்டி கூலி வேலை. எங்க குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தக் காலத்தில் ஷெட்டில் கை கழுவ என்ன? பெட்ரோல்தான். கார்புரேட்டர் கழுவ, பேரிங் கழுவ, கிரீஸ் கையைக் கழுவ எல்லாத்துக்கும் ஒரே டப்பா பெட்ரோல். டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். வாய்க்குள் போனால் துப்பிவிட்டு டீ குடிப்பார்கள். எங்க ஊர்ப் பக்கம் 2000-ஆம் ஆண்டு வரைக்கும் ஈயம் கலந்த பெட்ரோல்தான். ஆக, 10 வருஷம் அவர் கழுவியது அதில்தான்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோது அப்பாவிடம் கேட்டேன், அதில் ஈயம் இருப்பதாக அன்றைக்கு யாராவது சொன்னார்களா என்று. அவர் சிரித்தார். பெட்ரோல் என்றால் பெட்ரோல்தானேப்பா, அதில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள் என்றார். அவர் நல்லபடியாக இருக்கிறார், கடவுள் புண்ணியம். ஆனால் என் மனசில் ஒன்று தைத்தது. மிட்ஜ்லி ஒரே ஒரு நாள், விவரம் தெரிந்தே, கையைக் கழுவிக் காட்டினார். பங்கிலும் ஷெட்டிலும் வேலை பார்த்தவர்கள் விவரமே தெரியாமல் தினமும் கழுவினார்கள். பெட்ரோலில் கலந்த பிறகு அதன் அளவு மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது இல்லையா?

குளிர்சாதனமும் கடைசிக் காலமும்

மிட்ஜ்லி பெட்ரோலோடு நிற்கவில்லை. அந்தக் காலத்து ஃபிரிட்ஜில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் ஓடின. லீக் ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆபத்து. 1928-இல் அவரும் அவர் குழுவும் தீப்பிடிக்காத, விஷமில்லாத ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஃபிரியான். 1930-இல் ஒரு கூட்டத்தில் அந்த வாயுவை இழுத்து மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். இந்த முறை சொன்னது உண்மை. அது மனிதனைக் கொல்லாது. ஆனால் மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று 1974-இல் விஞ்ஞானிகள் மோலினாவும் ரோலண்டும் கண்டுபிடித்தார்கள். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, அந்த வாயுக்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஃபிரியான் விஷயத்தில் மிட்ஜ்லியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஈயம் அப்படி அல்ல. எதிரே சாவு நடந்தது, எச்சரித்தவர்களும் இருந்தார்கள்.

1940-இல், 51-வது வயதில், போலியோ தாக்கி அவர் கால்கள் செயலிழந்தன. அப்போதும் இன்ஜினியர் புத்தி போகவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாற, கயிறும் கப்பியும் வைத்துத் தானே ஒரு கருவி செய்துகொண்டார். 1941-இல் பிரீஸ்ட்லி மெடல் கிடைத்தது. 1944-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவரானார். அந்த நவம்பர் 2-ஆம் தேதி, தான் செய்த கயிற்றிலேயே கழுத்து சிக்கி இறந்து கிடந்தார். வயது 55. தற்கொலை என்று அதிகாரிகள் பதிவு செய்தார்கள், விபத்து என்றே பலரும் எழுதுகிறார்கள். எப்படியிருந்தாலும் பரிதாபமான முடிவு.

ஈயத்தைக் கண்டுபிடித்தவர்

அவர் போன பிறகும் ஈயம் போகவில்லை. 1950-களில் கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, ஈயத்தின் அளவுகளை வைத்துப் பூமியின் வயதைக் கணக்கிட்டார். சுமார் 455 கோடி ஆண்டு என்று அவர் சொன்ன விடைதான் இன்றைக்கும் நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியில் அவருக்கு ஒரு தொல்லை. எதைத் தொட்டாலும் ஈயம்! தூசியில், தண்ணீரில், தலைமுடியில், எல்லாவற்றிலும். எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனார். கடலின் மேல்தண்ணீர், கிரீன்லாந்தின் பனிக்கட்டி என்று தோண்டிப் பார்த்து, மனிதன்தான் உலகம் முழுக்க ஈயத்தைத் தூவுகிறான், அதில் பெரும் பங்கு கார் புகை என்று காட்டினார். 1965-இல் அதை வெளிப்படையாக எழுதினார். எதிர்ப்பு வந்தது, உதவிப் பணம் நின்றது, அசரவில்லை. அதற்குப் பிறகு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுப்பதும் ஆய்வுகளில் வெளியானது.

ஆனால் ஈயத்தை முதலில் வெளியேற்றியது நம்ம சப்ஜெக்ட்தான்! புகையைச் சுத்தம் செய்ய கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. அதிலுள்ள பிளாட்டினத்தின் மேல் ஈயம் படிந்தால் அது செத்துவிடும். அதனால் 1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் கட்டாயத் தேவையானது. ஈயம் குறையக் குறைய மக்களின் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது. 1976-க்கும் 1980-க்கும் நடுவில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக அங்கே அளந்து பார்த்தார்கள்.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில், கன்வர்ட்டர் வைத்த புதுக் கார்களுக்காக ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் அது மட்டும்தான். கடைசி நாடு அல்ஜீரியா. அங்கே 2021 ஜூலையில் நின்றது.

பழைய இன்ஜின் என்ன ஆகும்?

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். ஈயத்தை நிறுத்தியபோது எல்லா நாட்டிலும் ஒரு பயம் கிளம்பியது. பழைய வண்டியெல்லாம் காயலான் கடைக்குத்தானா? இன்றைக்கும் பழைய அம்பாசடர் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஈயம் கலந்தது நாக்கிங்குக்காக. ஆனால் அது எரிந்த பிறகு எக்ஸாஸ்ட் வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்தது. செக்கச் சிவந்த சூட்டில் வால்வு வந்து சீட்டில் அடிக்கும்போது, நடுவில் மெத்தை போல அது இருந்தது. யாரும் திட்டமிடாமல் கிடைத்த உபகாரம். படலம் இல்லாவிட்டால் வால்வும் சாதாரண வார்ப்பிரும்பு சீட்டும் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்துவரும். பிய்ந்த துகள் உப்புத்தாள் போலத் தேய்க்கும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதையும். டேப்பெட் கேப் தானாகக் குறையும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரெஷன் போகும், வால்வு கருகும்.

விடுமுறையில் அப்பாவின் ஷெட்டில் நான் கூட நின்று பார்த்த ஒரு பழைய அம்பாசடரில் இதை நேரில் பார்த்தேன். ஒவ்வொரு சர்வீஸிலும் ஒரே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பெட் கேப் குறைந்துகொண்டே வந்தது. ஹெட்டை இறக்கிப் பார்த்தால் அந்த வால்வு மற்றதைவிட உள்ளே உட்கார்ந்திருந்தது. ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். தேய்ந்த சீட்டைக் கடைந்து எடுத்து, கெட்டியான உலோகத்தில் செய்த வளையத்தை இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்டாக அடித்து இறக்கி, 45 டிகிரிக்கு சீட் வெட்டி, லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

நண்பர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகள்:

1. எல்லாப் பழைய வண்டிக்கும் இந்தக் கவலை கிடையாது. அலுமினிய ஹெட்டில் சீட் இன்செர்ட் ஏற்கெனவே இருக்கும். பிரச்சினை பெரும்பாலும் சீட்டை நேரடியாகவே வெட்டிய வார்ப்பிரும்பு ஹெட்டுக்குத்தான்.

2. யெஸ்டி, ராஜ்தூத் போன்ற பழைய 2-ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த மாதிரி வால்வே இல்லை. சீட் தேய்மானம் என்ற பேச்சே இல்லை.

3. ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டியில் தேய்மானம் மிக மெதுவாகத்தான் நடக்கும். பல வருஷம் ஈயப் பெட்ரோலில் ஓடிய இன்ஜினில் பழைய படலமும் கொஞ்ச காலம் காப்பாற்றும். பாரம் ஏற்றி, நீண்ட தூரம், அதிக வேகத்தில் விரட்டினால்தான் சீக்கிரம் போகும்.

4. ஃபீலர் கேஜ் வைத்து டேப்பெட் கேப் பார்த்து, ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே போனால் அதுதான் அறிகுறி. கேப்பை மட்டும் மறுபடி மறுபடி செட் செய்து அனுப்புவது வைத்தியம் ஆகாது.

5. நாக் அடித்தால் இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் ரிடார்டு செய்யலாம், ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் போடலாம். நாக்கிங் வேறு, சீட் தேய்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆக்டேன் கூடினால் சீட் காப்பாற்றப்படாது.

6. பொட்டாசியம், மாங்கனீஸ் போன்றவை சேர்ந்த திரவங்களும் சீட்டைக் காக்க விற்கப்பட்டன. ஓடும்வரை ஓட்டிவிட்டு, ஹெட் இறக்கும் நாளில் இன்செர்ட் போட்டுவிடுவதே நிரந்தர வழி.

7. இப்போது பெட்ரோலில் எத்தனால் வருகிறது. பழைய ரப்பர் ஹோஸ், டயஃப்ரம், கேஸ்கெட் அதில் கெட்டுப்போகலாம். அதையும் பார்த்து மாற்ற வேண்டும்.

எத்தனால் என்றதும் கவனித்தீர்களா? மிட்ஜ்லி சோதித்துவிட்டு ஒதுக்கிய அதே ஆல்கஹால்தான்! 2025-இல் நம் நாடு 20 சதவீதக் கலப்பை எட்டியது. அதற்கு வேறு காரணங்கள் உண்டு, வேறு குறைகளும் உண்டு. ஆனால் ஈயம் இல்லாமல் ஆக்டேனை ஏற்ற முடியும் என்பதற்கு அதுவும் சாட்சி.

நாம் நினைக்க வேண்டியது

இந்த வரலாற்றைப் படித்து முடித்தபோது எனக்கு ஒரு கணக்கு இடித்தது. ஈயம் இல்லாமல் இன்ஜின் ஓடாது என்று எத்தனை வருஷம் பயமுறுத்தினார்கள்! 1923-க்கு முன்னால் ஓடிய கார் எல்லாம் ஈயமே இல்லாமல்தான் ஓடியது. 1970-களுக்குப் பிறகு வந்தவையும் கெட்டிப்படுத்திய சீட்டோடு ஓடின. நடுவில் வந்த இன்ஜினுக்கும் ஒரு சின்ன உலோக வளையம் போதுமாக இருந்தது. லேத் பட்டறையில் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலைக்குப் பதிலாக, உலகத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் பல பத்தாண்டுகள் ஈயம் ஏற்றினோம்.

மிட்ஜ்லி சோம்பேறி இல்லை, முட்டாள் இல்லை. நம்மில் யாரும் அவரளவு உழைக்க முடியுமா என்பதே சந்தேகம். அவர் கையிலிருந்த கேள்வி, நாக்கிங் நின்றதா என்பது மட்டும். சைலன்சருக்கு வெளியே போவது யார் மூக்கில் ஏறுகிறது என்ற கேள்வியை மற்றவர்கள் கேட்டபோது, அதற்குப் பதிலாகக் கையைக் கழுவிக் காட்டினார்.

இன்னும் சில மாதத்தில் நாம் டிப்ளமோ முடித்து வெளியே போகப் போகிறோம். ஒருவர் பேட்டரி கம்பெனிக்குப் போவார், ஒருவர் பெயிண்ட் ஷாப்புக்கு, ஒருவர் ஃபவுண்டரிக்கு, ஒருவர் பிளேட்டிங் பட்டறைக்கு. மிஷின் பக்கத்தில் நிற்கப் போவது நாம்தான். நமக்குக் கீழே நிற்கப் போவது எங்கப்பாவைப் போல 10-வது தாண்டாத ஆட்கள். டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நாமாகத்தான் இருப்போம். டிரம்மில் என்ன இருக்கிறது, கையில் பட்டால் என்ன ஆகும், கழிவு எங்கே போகிறது என்று கேட்போம். விடை கிடைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் தமிழில் சொல்வோம். படித்த படிப்புக்கு அதுவும் ஒரு கடமை.

எங்கப்பா இப்போது சோப்புத்தூளில்தான் கை கழுவுகிறார். ஷெட்டில் புதுசாகச் சேர்ந்த பையனையும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறார்.



– மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்